மிஸ் யூனா வீட்டு டெலிபோன் லைனின் ஒன்பதாம் இரவு

வீட்டு இணைய இணைப்பை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது மிகவும் சுலபமான காரியம். ஒரு தீவின் மலையூரான கிறிஸ்டியானாவின் கடைத்தெருவில், கோழிக்கடைக்கு மேலே இருந்த பெரிய பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பலகையில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் பலகையில் இல்லை.

மிஸ் யூனா பிளாக்ரோவ் அந்தப் பலகையை நம்பினார். நம்பாமல் இருக்க அவரால் முடியவில்லை. சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் ஷெர்னெட்டுக்கு டொராண்டோவில் கல்யாணம்.

மிஸ் யூனா கல்யாணக் கேக் செய்பவர். பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறப்போட்டு அவர் சுடும் கறுப்புக் கேக் இல்லாவிட்டால் அந்த மலைப்பக்கத்தில் ஒரு கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. மகளுக்கும் ஒரு கேக் செய்தார். கேக்குக்கு விசா தேவைப்படவில்லை. அது முன்னாலேயே விமானம் ஏறிப் போய்விட்டது. மிஸ் யூனாவுக்குத் தேவைப்பட்டது. விசா ஆபீஸ் மிகுந்த கனிவோடு நேர்காணலுக்குத் தேதி கொடுத்தது. கல்யாணத்துக்கு அடுத்த வருடம்.

"கவலைப்படாதீங்கம்மா," என்றாள் ஷெர்னெட். "எல்லாத்தையும் இணையத்துல நேரடியாக் காட்டுறோம். நீங்க கேக் வெட்டுறதைப் பார்க்கணும். நீங்க பார்க்காம நான் கத்தியைத் தொட மாட்டேன்."

இதைக் கேட்பதற்கு மிஸ் யூனா சீமைப்பலா மரத்தடியில் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த மரத்தின் உச்சிக்கிளை. பக்கத்து வீட்டு மாஸ் க்ளோவிஸ் கைப்பேசியோடு மேலே ஏறி, ஷெர்னெட் சொன்னதையெல்லாம் கீழே கூவிக்கொண்டிருந்தார். "நான் கத்தியைத் தொட மாட்டேன்!" என்று அவர் கூவியபோது தெருவில் போன இரண்டு பேர் வேகமாக நடந்தார்கள்.

ஆக, வீட்டுக்குள் இணையம் வேண்டும். சனிக்கிழமைக்குள் வேண்டும்.

இந்த இடத்தில் தெருவின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே எல்லா வீட்டுக்கும் டெலிபோனும் இணையமும் ஒரே கம்பியில் கொடுத்துவந்தது 'தீவுக்குரல்' என்ற பழைய கம்பெனி. பிறகு 'பளிச்' என்ற புதுக் கம்பெனியின் வேன் ஒருநாள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனது. பெட்டி முதலில், இணைப்பு பிறகு. மின்சாரத்தில் செருகினால் பெட்டியில் ஒரு நீல விளக்கு சிமிட்டும். இணைப்பு இல்லாவிட்டாலும் சிமிட்டும்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டின் மானமும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில்தான் இருந்தது. யாரும் குடிக்காத கிளாஸ்கள், யாரும் சாப்பிடாத தட்டுகள், ஒரு பீங்கான் நாய். நீல விளக்குப் பெட்டியை வேறெங்கே வைக்க முடியும்? கஞ்சி போட்ட பின்னல் விரிப்பை விரித்து, அலமாரியின் தலைமேல் வைத்தார்கள். வாசலில் போகிறவர்களுக்கு விளக்கு தெரியவேண்டுமே என்று அலமாரியையே வாசலுக்கு எதிர்ச்சுவருக்கு நகர்த்தினார்கள். ஒரே வாரத்தில் தெரு முழுக்க நீலம்.

அதே வாரம் புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்தன. பிறகு கம்பங்களை நிமிர்த்தினார்கள். மின்சாரம் வந்தது. நீல விளக்குகள் வந்தன. டெலிபோன் மட்டும் வரவில்லை. எல்லோரும் புயலைத் திட்டினார்கள்.

எதிர்வீட்டு சிஸ்டர் டோரெட் மட்டும் திட்டவில்லை.

"எனக்குப் பளிச் வந்தாச்சு, மிஸ் யூனா," என்றார் அவர். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள படம் வந்துடுது."

"அப்படியா! சனிக்கிழமை உங்க வீட்லயே வந்து கல்யாணத்தைப் பார்த்துக்கட்டுமா?"

"தாராளமா வாங்க. ஆனா சனிக்கிழமை பாருங்க, தரைக்குப் பாலிஷ் போடறேன். காலை வைக்க முடியாது."

"வாசல்ல நின்னு பார்க்கிறேனே."

"வாசலுக்கும் பாலிஷ் போடறேன்," என்றார் சிஸ்டர் டோரெட்.

மிஸ் யூனா பல்லிடுக்கில் காற்றை இழுத்து நீளமாக ஒரு 'ச்ச்சூ' விட்டார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேண்டெவில் நகரத்துக்கு வண்டி பிடித்தார்.

பளிச் ஆபீஸும் தீவுக்குரல் ஆபீஸும் ஒரே சாலையில் எதிரெதிரே இருந்தன. பளிச்சில் எல்லாமே கண்ணாடி. காதில் கருவி மாட்டிய இளம்பெண் ஒருத்தி திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க பழைய லைன் செயலற்ற நிலையில இருக்கு."

"அதனாலதாம்மா உங்ககிட்ட வந்திருக்கேன்."

"உயிரோட இருக்கிற லைனைத்தான் நாங்க எங்க பேருக்கு மாத்திக்க முடியும், ஆன்ட்டி. எதிர்ல போய் அதுக்கு உயிர் வாங்கிட்டு வந்துடுங்க."

"அதுக்கு உயிர் வந்துட்டா நான் எதுக்கு உங்ககிட்ட வரப்போறேன்?"

அந்தப் பெண் இனிமையாகச் சிரித்தாள். பயிற்சி வகுப்பில் இந்தக் கேள்வி வரவில்லை.

மிஸ் யூனா சாலையைக் கடந்தார். தீவுக்குரல் ஆபீஸில் எல்லாமே மரம். அங்கே வாடிக்கையாளர் பேரானந்தப் பிரிவின் தலைவராக மிஸ்டர் லிண்டோ உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்துப்பட்டை அவரைவிடக் கொஞ்சம் அகலம்.

"லைனுக்கு உயிர் கொடுக்கணும், சார்."

"கொடுத்துடலாம். டெக்னீஷியன் வருவார். வர்றதுக்கு முன்னாடி உங்க நம்பருக்குக் கூப்பிட்டுக் கேப்பார். நீங்க எடுத்து 'வாங்க'ன்னு சொல்லணும்."

"எந்த நம்பருக்கு?"

"செயலற்ற நம்பருக்குத்தான்."

"அதுதான் வேலை செய்யலையே, சார்!"

"அதான் நீங்க எடுக்கறதே இல்லை," என்றார் மிஸ்டர் லிண்டோ வருத்தத்தோடு. "அவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கார். நீங்க வீடு தங்கறதே இல்லைன்னு எங்க பதிவுல ஏறியிருக்கு, மிஸ் பிளாக்ரோவ். எனக்கே அதைப் படிக்கக் கஷ்டமா இருந்துச்சு."

மிஸ் யூனா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சரி, உயிரே வேண்டாம். ரத்து பண்ணிடுங்க."

"செய்யலாமே. அந்த லைன்லேருந்து எங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும்."

"நான்தான் நேர்ல வந்து நிக்கிறேனே!"

"நேர்ல வந்திருக்கிறது நீங்க. லைன் வரலையே? நாளைக்கு யாராவது வந்து உங்க லைனை ரத்து பண்ணிட்டா? எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

மிஸ் யூனா இப்போது விட்ட 'ச்ச்சூ' பக்கத்து அறைவரை கேட்டது. அங்கிருந்து இரண்டு தலைகள் எட்டிப்பார்த்தன.

மிஸ்டர் லிண்டோ கல்நெஞ்சர் அல்ல. மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "பாருங்க. செயலற்றதுன்னா உயிரும் இல்லை, சாவும் இல்லை. நடுவுல நிக்குது. அதுக்கு எங்க கம்ப்யூட்டர்ல பட்டன் கிடையாது. ஆனா இறந்துடுச்சுன்னு நீங்க நிரூபிச்சிட்டா பாதை காலியாயிடும். பளிச்காரங்க மறுநாளே வந்து புதுசு இழுத்துடலாம்."

"எப்படி நிரூபிக்கிறது?"

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். அது வாடிக்கையாளர் இறந்தால் குடும்பத்தார் பூர்த்தி செய்ய வேண்டிய படிவம். லைன் இறந்தால் என்று தனியாக ஒன்று அச்சிடப்படவில்லை. "இதையே வச்சுச் சமாளிச்சுக்கலாம். இறந்தவர் பேர் இருக்கிற இடத்துல நம்பரைப் போடுங்க. மரணத்துக்குக் காரணம், புயல். அடக்கம் செய்த இடம், அது உங்க சௌகரியம். நெருங்கிய உறவினர்..." அவர் கொஞ்சம் யோசித்தார். "நாங்கதானே பெத்தோம். கம்பெனி சார்பா நான் வந்து கையெழுத்துப் போடறேன். கீழே ஒரு ஜே.பி. கையெழுத்தும் முத்திரையும் வேணும்."

ஜே.பி., அதாவது சமாதான நீதிபதி, என்பது சம்பளம் இல்லாத பதவி. இன்னார் இன்னார்தான் என்று ஒரு ஜே.பி. முத்திரை குத்தாவிட்டால் அந்தத் தீவில் யாரும் யாரும் இல்லை. மிஸ் யூனாவின் தெருக்கோடியில் இருந்த ஜே.பி., ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மிஸ்டர் டல்லக். படிவத்தை அவர் பரீட்சைத்தாள் திருத்துவதுபோல முழுதும் படித்தார்.

"இறந்தவரைத் தனிப்பட்ட முறையில் அறிவேன்னு நான் எழுதணும். இந்த லைனை எனக்குத் தெரியுமா?" அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "தெரியும். ஒருதடவை ராங் நம்பரா எங்க வீட்டுக்கு வந்திருக்கு. மரியாதையாத்தான் பேசிச்சு."

"அப்ப கையெழுத்துப் போட்டுடுங்க, டீச்சர்."

"அடக்கம் ஆயிடுச்சா?"

"நாளைக்குக் காலையில ஆயிடும்."

"ஒன்பதாம் இரவு?"

மிஸ் யூனா அவரையே பார்த்தார்.

"என்ன பார்க்கறே, யூனா? இந்த ஊர்ல ஒருத்தர் செத்தா, ஒன்பதாம் இரவு கூடிப் பாடாம, சாப்பிடாம, சாமானை இடம் மாத்தி வைக்காம யாரையாவது நான் செத்ததா ஒத்துக்கிட்டிருக்கேனா? நாளைக்கு அந்த ஆவி திரும்பி வந்து நின்னா, முத்திரை குத்தினவன் முகத்தை எங்க வச்சுக்கறது?"

"சனிக்கிழமை கல்யாணம், டீச்சர். ஒன்பது நாளுக்கு நான் எங்க போவேன்?"

மிஸ்டர் டல்லக் விரல்விட்டு எண்ணினார். "புயல்ல செத்தது. ஒன்பது ராத்திரி எப்பவோ தாண்டியாச்சு. வியாழக்கிழமை வச்சுக்கலாம். மத்தியானமே வச்சுக்கலாம், சாயங்காலம் கரண்ட் போயிடும்."

இப்படியாக வியாழக்கிழமை பட்டப்பகலில் ஒன்பதாம் இரவு நடந்தது.

காலையில் மாஸ் க்ளோவிஸ், புயலில் அறுந்து, எந்தக் கம்பத்துடையது என்று தெரியாமல் வேலியில் தொங்கிய ஒரு முழக் கம்பியைக் காலணிப் பெட்டியில் வைத்து, சீமைப்பலா மரத்தடியில் புதைத்தார். ஊரில் குழி வெட்டுபவரும் அவர்தான், ஆட்டுத்தலைச் சூப்பு வைப்பவரும் அவர்தான். மத்தியானத்துக்குள் மிஸ் யூனாவின் முற்றத்தில் கூடாரம் போட்டாகிவிட்டது. பொரித்த மீன், கெட்டி ரொட்டி, வெள்ளை ரம், இரண்டு டோமினோ மேசைகள். கல்யாணத்துக்கென்று வைத்திருந்த ரம்மில் பாதி தீர்ந்தது. தெருவே வந்தது. சிஸ்டர் டோரெட் கறுப்பு உடையும், அதே துணியில் தைத்த பையும், அதே துணியில் சுற்றிய விசிறியுமாக வந்தார்.

மிஸ்டர் லிண்டோ கறுப்புக் கழுத்துப்பட்டை அணிந்து வந்து இறங்கியதும் ஒரு சின்னச் சலசலப்பு. பெற்றவர் அல்லவா. ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"மனசைத் தேத்திக்கங்க, சார்."

"நல்ல லைன், சார். யாரையும் தொந்தரவு பண்ணினதில்லை. மணியே அடிக்காது."

"பில்லு மட்டும் கரெக்டா வந்துடும்."

முதலில் மிஸ்டர் லிண்டோ நெளிந்தார். இரண்டாவது கிளாஸ் ரம்முக்குப் பிறகு அவர் கண்களில் நீர் நின்றது. "நான் அதை நேர்ல பார்த்ததே இல்லை," என்றார் மாஸ் க்ளோவிஸின் தோளில் சாய்ந்து. "எல்லாம் ஆபீஸ் வேலை. பார்த்திருக்கணும்."

பாட்டு முடிந்ததும் மிஸ்டர் டல்லக் எழுந்து நின்றார். எல்லாம் முறைப்படி நடந்திருப்பதாகச் சொல்லி, சூப்புக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி, கையெழுத்திட்டு, முத்திரையைக் குத்தினார். மிஸ்டர் லிண்டோ உறவினர் என்ற இடத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கணத்திலிருந்து லைன் சட்டப்படி இறந்தது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஆவி திரும்பி வந்தால் இது தன் வீடுதானா என்று குழம்பிப் போய்விடவேண்டும். அதற்காகச் சாமான்களை இடம் மாற்ற வேண்டும். நாற்காலிகள் மூலை மாறின. மேசை திரும்பியது. பிறகு நான்கு பேர் கண்ணாடி அலமாரியைப் பிடித்தார்கள்.

"பார்த்து! நாய்! நாயைப் பார்த்து!" என்று கத்தினார் மிஸ் யூனா. பீங்கான் நாய் ஆடி நின்றது. அலமாரி வாசல் எதிர்ச்சுவரைவிட்டு மெல்ல நகர்ந்தது.

அதன் பின்னங்காலுக்கு அடியில் ஒரு டெலிபோன் ஒயர் நசுங்கிக் கிடந்தது. அதன் முனையில் பிளக் கழன்று கிடந்தது. சுவரில் ஒரு சின்னத் துளை, ஒட்டடை படிந்து, காலியாக இருந்தது.

மாஸ் க்ளோவிஸ் ஒழுங்கு பார்ப்பவர். திறந்து கிடக்கும் எந்தக் குழியையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிளக்கை எடுத்து ஊதினார், சுவரில் சொருகினார்.

டெலிபோன் அடித்தது.

அடுத்து நடந்ததைச் சரியாகச் சொல்வது கடினம். கூடாரத்தின் ஒருபக்கம் சாய்ந்தது. டோமினோக் கட்டைகள் மழையாகக் கொட்டின. சிஸ்டர் டோரெட் விசிறியையும் பையையும் போட்டுவிட்டு வேலிமேல் ஏறினார். அந்த வயதில் அது முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. மிஸ்டர் லிண்டோ மேசைக்கு அடியிலிருந்து, "நான் ஆபீஸ் வேலைதான்! நான் எதுவும் செய்யலை!" என்று லைனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மிஸ் யூனா ஒருவர்தான் நடந்துபோய் எடுத்தார்.

"ஹலோ?"

"டெக்னீஷியன் பேசறேன்," என்றது ஒரு சோர்ந்த குரல். "உங்க லைன் வேலை செய்யலைன்னு புகார் வந்திருக்கு. இன்னிக்கு வீட்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், மகனே."

"நல்லாக் கேக்குதே. அப்ப லைன்ல பிரச்சினை இல்லை. புகாரை முடிச்சிடறேன்." வைத்துவிட்டான்.

மிஸ் யூனா திரும்பினார். "மிஸ்டர் லிண்டோ, வெளியே வாங்க. உயிர் வந்துடுச்சு. இப்பவே பளிச்சுக்கு மாத்திக் கொடுங்க."

மிஸ்டர் லிண்டோ முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். படிவத்தைப் பார்த்தார். முத்திரையின் மை இன்னும் காயவில்லை. "இறந்த லைனை மாத்த முடியாது, மிஸ் பிளாக்ரோவ். இது உயிரோட இருக்குன்னு இதே ஜே.பி. எழுதிக் கொடுத்தா..."

எல்லோரும் மிஸ்டர் டல்லக்கைப் பார்த்தார்கள்.

"முடியாது," என்றார் அவர். "நான் செத்ததாச் சொன்னவர் எழுந்து நடந்தார்னு நானே கையெழுத்துப் போடறதா? அப்படி ஒரு கேஸ் பைபிள்ல இருக்கு. அங்கயும் ஜே.பி.யைக் கேட்டுச் செய்யலை."

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார் மிஸ் யூனா. "நான் பார்க்காம கத்தியைத் தொட மாட்டேன்னு உக்காந்திருக்கா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு கையெழுத்துதானே!"

மிஸ்டர் லிண்டோ கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். "ஒண்ணு சொல்லலாம்," என்றார் தயங்கி. "இறந்த லைனுக்கு இணையம் கிடையாது. ஆனா அதுலேருந்து யாருக்கும் போன் போடக் கூடாதுன்னு எங்க விதியில எங்கயும் இல்லை. யாரும் போடுவாங்கன்னு எதிர்பார்க்கலை." படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார்.

"ஆனா எங்க லைனுக்கு ஏன் உயிர் வரலை?" என்று அவர் போனதும் பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"நீங்க எப்ப அலமாரியை நகர்த்தினீங்க?" என்றார் மாஸ் க்ளோவிஸ்.

"பெட்டி வந்த அன்னிக்கு."

"நீங்க?"

"பெட்டி வந்த அன்னிக்கு."

சிஸ்டர் டோரெட் வேலியிலிருந்து இறங்கி, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினார். அதன்பின் தெருவில் எல்லோருக்குமே அடுப்பில் ஏதோ இருந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு வீடாகக் கனத்த மரச்சாமான்கள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மிஸ் யூனா கல்யாணத்துக்குத் தைத்த மஞ்சள் உடையையும் பெரிய தொப்பியையும் போட்டுக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தார். அழைக்காமலே தெரு வந்து கூடத்தை நிரப்பியது. கடைசியாக சிஸ்டர் டோரெட்.

"வாங்க, சிஸ்டர். தரைப் பாலிஷ் காஞ்சுடுச்சா? உங்க வீட்ல படமாவே பார்க்கலாமே?"

"படமாப் பார்த்தாக் கண்ணு வலிக்குது, மிஸ் யூனா," என்றார் சிஸ்டர் டோரெட், தரையைப் பார்த்துக்கொண்டே. மிஸ் யூனா நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

டொராண்டோவில் மாப்பிள்ளைத் தோழன் கைப்பேசியைப் பாஸ்டரின் வாயருகே பிடித்தான். ஜெபம் கேட்டது. மாப்பிள்ளை "சம்மதம்" என்றது கேட்டது. ஷெர்னெட் சொன்னது கேட்கவில்லை, அழுதது கேட்டது. கூடத்தில் இருந்தவர்கள் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"அம்மா, இருக்கீங்களா? இப்ப கேக்கை வெட்டப் போறேன். உங்களால பார்க்க முடியாதே!"

"கத்திக்குப் பக்கத்துல போனை வைம்மா. நான் கேட்டுக்கிறேன்."

கூடத்தில் எல்லோரும் ரிசீவரை நோக்கிக் குனிந்தார்கள். மெத்தென்று, நிதானமாக, ரம்மும் பழமும் நிறைந்த ஒரு கேக்குக்குள் கத்தி இறங்குவது கேட்டது. கடைசியில் அடித்தட்டில் 'டங்'.

"அடிவரைக்கும் வெந்திருக்கு," என்றார் மிஸ் யூனா. தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டார்.

அப்போது லைனுக்குள் இன்னொரு குரல் புகுந்தது. பதிவு செய்த, பரம சாந்தமான குரல். "இந்த லைன் இறந்துவிட்டதாக அறிகிறோம். தங்கள் துயரத்தில் தீவுக்குரல் பங்கேற்கிறது. தகவல் சரி என்றால் ஒன்றை அழுத்தவும். தவறு என்றால் தகுந்த ஆவணங்களுடன் நேரில் வரவும்."

மிஸ் யூனா ஒன்றை அழுத்தினார்.

"நன்றி. உங்கள் அழைப்பு தொடரும்," என்றது குரல். தொடர்ந்தது. இன்றுவரை தொடர்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பில்லும் வருவதில்லை, டெக்னீஷியனும் வருவதில்லை, வாடிக்கையாளர் திருப்தியா என்று யாரும் கேட்பதுமில்லை. ஒரு டெலிபோனுக்கு இதைவிட நல்ல சேவையை அந்தத் தீவில் யாரும் கண்டதில்லை.

திங்கட்கிழமை காலை மிஸ்டர் டல்லக்கின் வாசலில் வரிசை நின்றது. எல்லோர் வீட்டு டெலிபோனும் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் மரணச் சான்று வேண்டும். சிஸ்டர் டோரெட் தன் லைனின் ஒன்பதாம் இரவுக்கு ஊதா நிறம் என்று தீர்மானித்து, வருபவர்கள் ஊதாவில் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார். அடுத்த வீட்டுக்காரர் பச்சை என்றார், கூடவே வாத்தியக் குழுவும். அந்தப் பருவத்தில் டெலிபோன் புதைக்காத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

வரிசையின் கடைசியில், படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டு, மிஸ்டர் லிண்டோ நின்றார்.

"கம்பெனி வேலையா?" என்றார் மிஸ்டர் டல்லக்.

"இல்லை, டீச்சர். சொந்த வேலை. எங்க வீட்டு லைன். புயலுக்கப்புறம் வேலை செய்யலை. எங்க ஆபீஸ்ல எத்தனை தடவை சொன்னாலும் நான் வீட்ல இல்லைங்கிறாங்க. பொண்டாட்டி பேசறதை நிறுத்திட்டா."

மிஸ்டர் டல்லக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பளிச் பெட்டி வாங்கினீங்களா?"

மிஸ்டர் லிண்டோ இரண்டு பக்கமும் பார்த்தார். "அலமாரி மேல இருக்கு," என்றார் மெல்ல. "வெளியே சொல்லிடாதீங்க. நீல விளக்கு நல்லா இருந்துச்சு."

அலமாரியை நகர்த்திப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை மிஸ்டர் டல்லக்கின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பழுது பார்ப்பது ஒரு ஜே.பி.யின் வேலை அல்ல. தவிர, அவருடைய முதுகுக்குப் பின்னால், அவருடைய கண்ணாடி அலமாரியின் தலைமேலும் ஒரு நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அவருடைய டெலிபோனும் புயலிலிருந்து அடித்ததில்லை. அந்த அலமாரியை நகர்த்த அவருக்கும் மனம் வரவில்லை. வாசலிலிருந்து பார்க்க மிக அழகாக இருந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"சொல்லுங்க, மிஸ்டர் லிண்டோ," என்றார். "இறந்தவரை எனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"